கற்பூரம் ஏற்றாத சாமி

வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் தவமணியோடு வாக்குவாதம் செய்து ஜெயித்த ஆள் என்று யாரையும் காட்ட முடியாது. தோற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பசறை பஸ்ஸில் அவள் ஏறினால் நடத்துனர் பாட்டுச் சத்தத்தைத் தானாகவே குறைத்துவிடுவான். அவள் கொழுந்து எடுக்கும் நிரைக்குப் பக்கத்தில் வரும்போது கணக்கப்பிள்ளையின் குரல் இறங்கிவிடும். புருஷன் மருதை மட்டும், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, “இவ பொறக்கும்போதே மருத்துவச்சியோட சண்டை புடிச்சிருப்பா” என்று சொல்லிச் சிரிப்பான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொழும்பில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவினாள். பிறகு குவைத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியம்மா, கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றாள். ஒரு நாள் தவமணி வீட்டு வாசற்படியில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். விருந்தாளிகள் வந்தார்கள், அவள் எழும்பவில்லை. இன்னொரு விருந்தாளி வருவதற்கு முன் பாஸ்போர்ட் அவள் மடியில் வந்து விழுந்தது. தனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான் என்று அவள் பின்னாளில் சொல்வாள். பெரிய மனுஷர்களின் பாதையில் போய் உட்கார வேண்டும். ஒதுங்கி நின்று கேட்டால் அவர்களுக்குக் காது கேட்காது.

ஊருக்குத் திரும்பி வந்து மறுபடியும் கொழுந்துக் கூடையை மாட்டினாள். பத்து வருஷத்துக்கு மேலாக அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள் பவளக்கொடி. தவமணி பேசிக்கொண்டே எடுப்பாள், பவளக்கொடி சிரித்துக்கொண்டே எடுப்பாள். அந்தப் பவளக்கொடியைத்தான் போன வருஷம் குளவி கொட்டிக் கொன்றது.

ஒன்பதாம் நம்பர் மலையின் அடியில், பசறை – லுணுகலை வீதி வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு டர்பன்டைன் மரம் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்து மரம். நாலு பேர் கைகோர்த்தாலும் அடங்காது. அதன் உச்சிக் கிளையில் ஒவ்வொரு வருஷமும் குளவி கூடு கட்டும். அன்றைக்கு ஒரு பருந்து வந்து கூட்டைக் கொத்திவிட்டுப் பறந்துபோனது. கோபமெல்லாம் கீழே நின்ற பெண்கள்மேல் இறங்கியது. மற்றவர்கள் சேலையையும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கையும் தலையில் போர்த்திக்கொண்டு மலையில் உருண்டு தப்பினார்கள். பவளக்கொடி வீதிப் பக்கமாக ஓடினாள். மரத்தடியிலேயே விழுந்தாள். தவமணி சாக்கோடு திரும்பி ஓடி அவளைப் போர்த்தியபோது முகம் அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறியில், தவமணியின் மடியில்தான் அவள் மூச்சு நின்றது.

இந்த வருஷமும் அதே கிளையில் கூடு கட்டியது. போன வருஷத்தையும் விடப் பெரிது. காற்றில் கிளை ஆடும்போது கூடும் சேர்ந்து ஆடியது. கீழே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை. மேலே கொழுந்து முற்றிக்கொண்டிருந்த ஒன்பதாம் நம்பர் மலை. இன்னும் இரண்டு வாரத்தில் அந்த மலைக்கு ஆள் இறக்க வேண்டும் என்று காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் சொன்னார்கள்.

“மொதல்ல கூட்ட எறக்குங்க, அப்பறம் ஆள எறக்குங்க” என்றாள் தவமணி.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கெட்டவர் அல்ல. “அந்த மரம் நம்மோடதில்ல தவமணி. ரோட்டு எல்லைக்குள்ள நிக்குது. நாங்க கைவச்சா கேஸ் போடுவாங்க. நீங்க ரோட்டு கந்தோர்ல கேளுங்க” என்றார்.

அப்படித் தொடங்கியது, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தவமணியின் கந்தோர் யாத்திரை.

ரோட்டு கந்தோரில், மரம் வீதி எல்லைக்கு ஒரு முழம் வெளியே நிற்பதாகச் சொன்னார்கள். உள்ளே இருந்தாலும்கூட, கூடு இருக்கும் கிளை மின்கம்பிக்கு மேலே நீண்டிருப்பதால் கரண்டு கந்தோருக்குச் சொல்லாமல் ஏணி வைக்க முடியாதாம். கரண்டு கந்தோரில், கம்பியில் உரசும் கிளையை மட்டும்தான் தாங்கள் வெட்டுவோம், இது உரசவில்லை, அதோடு அவ்வளவு பழைய மரத்தில் கத்தி வைப்பதென்றால் காட்டு கந்தோரின் கடிதம் வேண்டும் என்றார்கள். காட்டு கந்தோரில் ஒரு பையன் இவள் சொன்னதையெல்லாம் அக்கறையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, மரத்தை வெட்டுவதுதான் எங்கள் விஷயம், நீங்கள் வெட்டக் கேட்கவில்லையே, கூட்டைத்தானே எடுக்கக் கேட்கிறீர்கள் என்றான்.

“அப்ப மரத்தையே வெட்டுங்க.”

“அதுக்குக் காணி யாரோடதுன்னு தெரியணும் அம்மா.”

கடைசியில் பிரதேச செயலகத்துக்குப் போனாள். எல்லாக் கந்தோருக்கும் மேலே இருந்து பார்க்கிற இடம் அது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே காணி விஷயங்களைப் பார்க்கிறவர் ஜெயரட்ணம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா, மேசையில் ஒரு தூசி கிடையாது.

“இஞ்ச பாருங்கோ அம்மா. நாங்கள் ஒருத்தருக்கும் கட்டளை போட ஏலாது. ஒருங்கிணைக்கலாம். அவ்வளவுதான். ஆர் பொறுப்பெண்டு அவையள் ஒத்துக்கொண்டால், மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“ஒத்துக்கலன்னா?”

“ஒத்துக்கொள்ளாட்டி நான் என்ன செய்யிறது?”

“அங்க ஒரு பொம்பள செத்திருக்கா சேர்.”

ஜெயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியும். அந்த அறிக்கை எழுதினது நான்தான்” என்றார். தவமணி பேசாமல் எழும்பி வந்த ஒரே கந்தோர் அதுதான்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பசறை டவுனில் றவூப் நானாவின் கடை வாசலில் கூடையை வைத்துவிட்டுச் சாக்கு மூட்டையில் உட்கார்ந்தாள். நானா அவள் முகத்தைப் பார்த்ததுமே ஒரு டம்ளரில் தண்ணீர் நீட்டினார்.

“என்ன புள்ள, கந்தோர்க்காரனுகள் ஒன்னயே வெண்டுட்டானுகளா?”

“நானா, ஒரு மரத்த துண்டு துண்டா பங்கு போட்டு வெச்சிருக்காங்க. வேரு ஒருத்தருக்கு, அடிமரம் ஒருத்தருக்கு, கெள ஒருத்தருக்கு. கூடு மட்டும் ஒருத்தருக்கும் வேணாமாம்.”

“அது அப்பிடித்தான். என்ட கடையில எண்ணெய் கேட்டா நானே எடுத்து, நானே ஊத்தி, நானே மூடிக் குடுப்பேன். அங்க போத்தலுக்கு ஒரு மனிசன், மூடிக்கி ஒரு மனிசன்.” றவூப் நானா தாடியைத் தடவிக்கொண்டார். “ஆனா ஒன்னு சொல்றேன் கேளு. கடைக்கி முன்னுக்கு ஈக்கிற குழி தெரியுந்தானே? மூணு மழைக்காலமா கெடந்திச்சி. ஒத்தனும் ஏன்டு கேக்கல்ல. போன மாசம் அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் தேங்காயக் கொட்டி வெச்சேன். பகலாக முந்தி மூணு ஜீப்பு வந்திச்சி. இது எங்கட எடம், இது எங்கட எடம்டு மூணு பேரும் என்னோட சண்ட.”

தவமணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“குழியா இருந்தப்ப யாரோட எடமும் இல்ல.”

“இல்ல.”

“தேங்கா வெச்ச ஒடனே எல்லாரோட எடமும்.”

“அதத்தானே சொல்றேன்.”

“நானா, மஞ்சத்தூள் ஒரு பாக்கெட் குடுங்க. செவப்புத் துணி இருக்கா?”

றவூப் நானா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்னத்துக்குண்டு நான் கேக்கல்ல. நீயும் சொல்லாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை தவமணி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இறங்கி, ஒன்றரைச் சாண் உயரத்தில் ஒரு கருங்கல்லைப் பொறுக்கி வந்தாள். வாசலில் வைத்துக் கழுவினாள். மஞ்சளைக் குழைப்பதைப் பார்த்ததும் மருதைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சாமி விஷயத்துல வெளையாடாத தவம். நாளைக்கு நமக்குத்தான் ஏதாச்சும் ஆகும்.”

“வெளையாடுறேன்னு யாரு சொன்னா? பவளக்கொடி உசுர விட்ட எடத்துல ஒரு கல்லு நடப்போறேன். இது பொய்ச் சாமியா?”

மருதை போய் மண்வெட்டியை எடுத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் சாத்திவைத்தான்.

குளிர் விடாத விடியற்பொழுதில் குளவி அசையாது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் பெரட்டுக்கு முன்னால், மூடுபனி வீதியில் படுத்துக் கிடந்த வேளையில், தவமணியும் இன்னும் சில பெண்களும் மரத்தடிக்குப் போனார்கள். பேச்சில்லை, இருமல்கூட இல்லை. கல்லை நட்டு, சிவப்புத் துணி சுற்றி, வேப்பிலை செருகினார்கள். பவளக்கொடியின் மகள் விஜிதா, அம்மா இறந்த பிறகு அவளுக்குப் பதிலாகக் கூடை மாட்டியவள், பழக்க தோஷத்தில் கற்பூரத்தை எடுத்தாள். தவமணி அவள் கையை அமுக்கிப் பிடித்தாள்.

வீதியின் மறுபுறம் வந்த பிறகுதான் விஜிதா வாயைத் திறந்தாள். “கற்பூரம் ஏத்தாம என்னா சாமி அத்த?”

“பொக பட்டா மேல இருக்கிறது கீழ வந்துரும். இந்தச் சாமிக்குக் கற்பூரம் ஆகாது. மேளம் ஆகாது. மணி ஆகாது. செண்டு பூசிக்கிட்டு வந்தா புடிக்கவே புடிக்காது.”

“என்னா சாமியோ. நம்ம கணக்கப்பிள்ள மாதிரி எதுக்கெடுத்தாலும் கோவம்.”

பனிக்குள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இரண்டே நாளில் பஸ்கள் அந்த வளைவில் வேகத்தைக் குறைத்தன. லுணுகலைச் சாரதி ஒருவர் ஜன்னல் வழியாகப் பூச்சரம் எறிந்தார். குளவி முனி என்று பேரும் வந்துவிட்டது. யார் வைத்த பேர் என்று தெரியாது. மூன்றாம் நாள் முதலாவது ஜீப் வந்தது. றவூப் நானா கடைத் தேங்காய்க்கு வந்தது மாதிரியே வரிசையாக வந்தார்கள். வீதி எல்லையில் சாமி வைக்க யாரைக் கேட்டீர்கள் என்றது ஒரு கந்தோர். கம்பிக்குக் கீழே கட்டடம் எழுப்பக் கூடாது என்றது இன்னொன்று. பழைய மரத்தின் வேரில் மண்வெட்டி பட்டிருக்கிறது, அது குற்றம் என்றது மூன்றாவது. தோட்டத்துத் துரையும் ஆளனுப்பினார். தோட்டக் காணியில் அனுமதி இல்லாமல் கல் நட்டது யார் என்று கேட்டார்.

“நான்தான். நான் மட்டுந்தான்” என்றாள் தவமணி, வந்த ஒவ்வொருவரிடமும்.

மருதைக்கு இராச்சோறு இறங்கவில்லை. பொலிஸில் போடுவார்கள், தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். “பேர வெட்டுனா வெட்டட்டும்” என்றாள் தவமணி. “பவளக்கொடி பேர வெட்டுனது யாரு? அதக் கேட்டீங்களா?” வாய்தான் அப்படிச் சொன்னது. பிள்ளைகளின் படிப்பு, லயத்துக் காம்பரா, எல்லாம் அந்தப் பேரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பேர் போனால் வீடும் போகும்.

அடுத்த வாரம் எல்லாக் கந்தோரும் ஒன்றாக வந்தன. பிரதேச செயலகம் கூட்டியிருந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம், மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ஜீப்புகள் வரிசையாக நின்றன. கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. ஒரு பொலிஸ்காரரும் வந்திருந்தார். பெண்கள் கூடையோடு வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விஜிதா கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

ஜெயரட்ணம் இறங்கி வந்து தாளை விரித்தார். “அந்தக் கல்லை அகற்ற வேணும். அதுக்கு ஆருக்கு அதிகாரம் எண்டதைத்தான் இண்டைக்கு முடிவு பண்ணப் போறம்.” அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. “ஒவ்வொருத்தரும் சொல்லுங்கோ. நான் எழுதிறன்.”

ரோட்டு கந்தோர் அதிகாரியான சிங்கள மாத்தயா தனக்கு வந்த தமிழில் சொன்னார். “இது பாதை எல்லை. எங்க இடம். நாங்கதான் எடுக்க வேணும்.”

“கம்பிக்குக் கீழ ரெண்டு பக்கமும் எங்கட பொறுப்பு” என்றார் கரண்டு கந்தோர்க்காரர்.

காட்டு கந்தோர்ப் பையன் மரமும் அதன் வேர் ஓடிய நிலமும் தங்களுடையது என்றான். துரை அனுப்பிய ஆள், முழு இடமும் தோட்டத்தின் காணி என்றார். ஜெயரட்ணம் ஒவ்வொன்றையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினார். சரிதானா என்று கேட்டுக் கையெழுத்தும் வாங்கினார். கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

“நல்லது” என்றார் ஜெயரட்ணம். “எல்லாருக்கும் அதிகாரம் இருக்கு. அப்ப எடுங்கோ.”

ரோட்டு மாத்தயா தன்னுடைய கூலியாளைப் பார்த்தார். கூலியாள் மரத்து உச்சியைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. கறுப்பாக ஒரு அலை அதன்மேல் ஓடி அடங்கியது.

“மாத்தயா போங்க. நான் பின்னால வாறன்” என்றான் கூலியாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கரண்டு கந்தோர்க்காரர் ஜீப் கதவை மெதுவாகத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி, பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் இறுக்கிப் போட்டுக்கொண்டார்.

தவமணி எழுந்து நின்றாள்.

“போங்க சேர். ஏன் நிக்கிறீங்க? சின்னக் கல்லுதான். ஒரு கையால தூக்கலாம்.”

“மேல குளவி இருக்கு” என்றார் ரோட்டு மாத்தயா.

“இருக்கா?” தவமணி அண்ணாந்து பார்த்தாள். “இத்தன நாளா நான் கந்தோர் கந்தோரா ஏறிச் சொன்னது அதத்தான். அப்ப அது யாரோடதும் இல்ல. நீங்க ஒரு நிமிஷம் போக மாட்டேங்குற எடத்துலதான் சேர் இந்தப் பிள்ளைங்க தெனமும் பள்ளிக்கூடம் போகுது. அதுக்கு மேல இருக்கிற மலையிலதான் வார திங்கக்கெழம எங்கள கொழுந்து எடுக்கச் சொல்லியிருக்கு.” அவள் துரையின் ஆள் பக்கம் திரும்பினாள். “சொல்லியிருக்கு இல்லீங்களா?”

அவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

“கல்லு நட்டது குத்தம்னா என்னயப் புடிச்சிட்டுப் போங்க. ஆனா கல்ல எடுக்கணும்னா மொதல்ல கூட்ட எடுக்கணும். கூட்ட எடுங்க. அடுத்த நிமிஷம் நானே என் கையால கல்லத் தூக்கிர்றேன். பவளக்கொடி மேல சத்தியம்.”

ஜெயரட்ணம் தாளை மடித்துப் பையில் வைத்தார். “இதில எல்லாரும் கையெழுத்து வச்சிருக்கிறியள். இனி ஆரும் எங்கட இடமில்லை எண்டு சொல்ல ஏலாது” என்றார். பிறகு தவமணியிடம் வந்து, தாழ்ந்த குரலில், “நீங்கள் செய்தது சரியெண்டு நான் சொல்லமாட்டன்” என்றார்.

“சொல்ல வேணாம் சேர். எழுதினீங்கதானே.”

அந்த வாரமே கூட்டை இறக்க ஆட்கள் வந்தார்கள். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, நீண்ட ஏணி, வாளி வாளியாக என்னவோ சாமான். எந்தக் கந்தோர் அனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. லொறிக் கதவில் பேர் இருந்த இடத்தில் சேறு அப்பிக் கிடந்தது. பொழுது சாயும்போது வீதியை மறித்து வேலை செய்தார்கள். லயத்துச் சனம் மேட்டில் நின்று பார்த்தது. கூடு இறங்கியபோது யாரும் கைதட்டவில்லை. விஜிதா மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். போன வருஷமே இறக்கியிருக்கலாம் என்பதுதான் எல்லோருடைய மனதிலும் ஓடியது.

தவமணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாள் காலை பெண்களோடு மரத்தடிக்குப் போய்க் கல்லைக் கிளப்பினாள், மண்ணைத் தட்டினாள், சிவப்புத் துணியோடு சேர்த்துக் கொழுந்துக் கூடையில் வைத்து முதுகில் மாட்டினாள். தோட்டத்தில் அவள் பேரை வெட்டவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதை மருதை பத்திரமாக எடுத்துவைத்தான்; பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு வாசித்துக் காட்டவும் செய்தான்.

வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையில், ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் மழையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் பலகை போட்டுக் கடக்கிறார்கள். நிறைமாசக்காரிகளையும் பலகையில்தான் நடத்திக் கொண்டுபோகிறார்கள். அது தோட்டத்துப் பாலம் என்பார்கள் பிரதேச சபையில். அரசாங்கப் பாலம் என்பார்கள் தோட்டத்தில்.

அந்த இடத்துக்கு வந்ததும் தவமணி நின்றாள்.

“தோள் வலிக்குது. செத்த எறக்கி வெக்கிறேன்” என்றாள்.

கூடையை இறக்கினாள். கல்லை எடுத்துப் பாலத்தின் முனையில், இடிந்த சுவரோரமாக வைத்தாள். நிமிர்ந்து நிற்கவில்லை என்று அடியில் ஒரு கல் சில்லை முட்டுக் கொடுத்தாள். துணியை இழுத்துச் சரி செய்தாள். பின்னால் வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி செருப்பைக் கழற்றினாள், பிறகு மற்றவர்களும் கழற்றினார்கள்.

விஜிதா மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். அன்றைக்கு ஏற்றாமல் விட்டது.

“அத்த, இங்கயும் ஆகாதா?”

தவமணி ஓடையைப் பார்த்தாள், உடைந்த பாலத்தைப் பார்த்தாள், கீழே வளைவில் தெரிந்த வீதியைப் பார்த்தாள். ஜீப்புகள் வருகிற வழி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

“இங்க என்னா பயம்?” என்றாள். “நல்லா பொக வர்ற மாதிரி ஏத்து.”